கேட்காமல் வாங்கிய கண்கள்

“கையெழுத்து யாருங்க போடறது?”

“நாந்தான் போடோணும். வேற யாரு?”

“சட்டப்படி மொதல்ல அவரோட சம்சாரத்தைத்தானுங்க கேக்கோணும்.”

“அந்தப் புள்ள உள்ள நெனவில்லாமக் கெடக்குது. இந்த ஊட்டுல நல்லதோ கெட்டதோ, பங்காளி பேசுனாப் பேசுனதுதான். உங்களுக்குக் கண்ணு வேணுமா, வேண்டாமா?”

“வேணுமுங்க.”

அன்றைக்கு நடந்த பேச்சு இவ்வளவுதான். பதினொரு வருடங்களில் பிரவீணா இதைத் தனக்குள்ளே எத்தனை தடவை பேசிப் பார்த்திருப்பாள் என்று அவளுக்கே கணக்கில்லை. பஸ்ஸில் போகும்போது, துணி காயப்போடும்போது, கணவன் ஏதோ சொல்லிச் சிரிக்கும்போது கூடத் திடீரென்று அந்த வீட்டு முன்னறை கண்ணுக்குள் வந்து நிற்கும்.

சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரு தறிக்காரர் வீடு. முப்பத்து நாலு வயது சென்னியப்பன் விடியற்காலையில் தறியை ஓட விட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. கண் வங்கிக்குத் தகவல் போய், பிரவீணாவும் கூட வந்த டெக்னீஷியனும் அங்கே சேரும்போது நாலரை மணி நேரம் ஓடியிருந்தது. ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்தாக வேண்டும். பிரவீணாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. துக்க வீட்டில் பேசிச் சம்மதம் வாங்கும் வேலையில் சேர்ந்து மூன்றே மாதம். அதுவரை ஒரு வீட்டிலும் அவளுக்குச் சம்மதம் கிடைக்கவில்லை.

சென்னியப்பனின் அண்ணன் குமாரசாமி கையெழுத்துப் போட்டார். போடும்போது பிரவீணா நிமிர்ந்து பார்த்தாள். முன்னறைக்கும் உள் அறைக்கும் நடுவே ஒரு பச்சைப் பூப்போட்ட திரை தொங்கியது. திரைக்கு அடியில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. விரல்களில் மெட்டி. வலது கால் மெட்டியில் வெள்ளை நூல் ஒன்று சுற்றிக்கொண்டு கிடந்தது.

நினைவில்லாமல் கிடப்பவளின் பாதங்கள் எழுந்து நிற்காது.

மூன்று எட்டு வைத்தால் திரை. விலக்கி ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? பிரவீணா குனிந்தாள். படிவத்தில் ‘மனைவி’ என்ற கட்டத்துக்கு நேராக ‘சுயநினைவில் இல்லை’ என்று எழுதினாள். அவள் எழுத்து எப்போதும் முத்து முத்தாக இருக்கும். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது.

*

அந்த இரண்டு கருவிழிகளின் முன்பக்கம் அதே வாரம் இரண்டு பேருக்குப் போனது. பின்பக்கத்துச் செல்களை ஈரோட்டில் அப்போதுதான் திறந்திருந்த ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். அதற்கு முன்னால் பதினாறு பேருடைய செல்களை வளர்த்துத் தோற்றிருந்தார்கள். இரண்டு முறை பெருகும், மூன்றாவது முறை களைத்துப்போய் உருமாறிவிடும். பதினேழாவதாக வந்தவை களைக்கவே இல்லை. பெருகிக்கொண்டே இருந்தன. ‘பதினேழு’ என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

இப்போது 2041. மூவாயிரத்து இருநூற்றுப் பதினெட்டுக் கண்களில் பதினேழு குடியிருந்தது. அதில் ஒரு கண் பிரவீணாவின் கணவன் தினகரனுடையது. பஸ் கண்ணாடி உடைந்து இடது கண்ணில் பாய்ந்து, இனி டிரைவர் வேலையே கிடையாது என்று ஆனவன், நாலு வருடமாக மறுபடியும் ஈரோடு–கோவை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். கொடையாளர்களின் பெயர்கள் முத்திரை வைத்துப் பூட்டப்பட்டவை. யாருடைய கண் யாருக்குப் போகிறது என்று டாக்டருக்கும் தெரியாது. பதினேழு யார் என்று தெரிந்த ஒரே ஆள், அன்று அந்தக் கண்களின் பனிப்பெட்டிக்குச் சீட்டு ஒட்டிய பிரவீணாதான்.

ஒரு புதன்கிழமை. அவள் இப்போது ஈரோட்டுக் கண் மருத்துவமனையில், அறுவைக்கு வருகிறவர்களுக்கு ஆலோசகர். மறுநாள் அறுவைக்கு வரும் நோயாளியின் கோப்பைத் திறந்தவள் முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

கோகிலவாணி. வயது நாற்பத்தொன்று. கணவர் பெயர் சென்னியப்பன், காலமானார். ஊர் சென்னிமலை. தொழில் விசைத்தறி.

அடியில் நர்ஸின் குறிப்பு ஒன்று இருந்தது. ‘இரண்டு வாரம் முன்பு தொலைபேசியில் பேசிய ஆலோசகரே வந்து படிவம் வாசிக்க வேண்டும் என்று நோயாளி கேட்கிறார்.’

அந்தத் தொலைபேசிப் பேச்சு பிரவீணாவுக்கு நினைவிருந்தது. ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் பேசுகிறவள் என்றாலும், அந்த அம்மாள் சொன்னது மறக்கவில்லை. “காலைல எந்திரிச்சா கண்ணுக்குள்ள பாலை ஊத்துன மாதிரி இருக்குதுங்க. பொழுது சாயச் சாயத் தெளியுது. அதுக்குள்ள தறியில நூல் அறுந்து பாதித் துணி பாழாயிருதுங்க.” பேசி முடித்த பிறகும் அந்தப் பக்கம் போனை வைக்கவில்லை. “உங்க பேர் என்னங்க?” என்று கேட்டது. சொன்னாள். “சரிங்” என்று வைத்துவிட்டது. அப்போது கோப்பு வரவில்லை. பெயர் மட்டும் தெரியும். கோகிலவாணிகள் கொங்கு நாட்டில் எத்தனையோ பேர்.

பிரவீணா எழுந்து டாக்டர் ரெஹானாவின் அறைக்குப் போனாள். அறுவை எல்லாம் செய்பவர் அவர்தான். நோயாளிகளைத் திட்டுவார், பிறகு தன் டப்பாவிலிருந்து சாப்பாடு கொடுப்பார்.

“டாக்டர், சும்மா ஒரு சந்தேகம். ஒருத்தரோட செல்லை வளர்த்துப் பெருக்குன வரிசைக்கு, நெருங்கின உறவோட சம்மதம் சரியா வாங்கலைன்னு தெரிஞ்சா என்ன ஆகும்?”

“சும்மா கேக்கற சந்தேகத்துக்கு ஏன் மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு?” ரெஹானா கண்ணாடியைக் கழற்றினார். “மூணு வருஷம் முன்னாடி வந்த சட்டம்தானே? அந்த உறவுகிட்ட மறுபடி கேக்கணும். சரின்னா வரிசை தொடரும். மாட்டேன்னா உறைஞ்சு கிடக்கற குப்பி அத்தனையும் அழிக்கணும். ஏற்கெனவே வெச்ச கண்ணை யாரும் தொட முடியாது. ஆனா புதுசா ஒரு சொட்டுக்கூடக் கிடையாது.”

“பதினேழு இல்லைன்னா?”

“பழையபடி செத்தவங்க ஒருத்தர் கண்ணுலேர்ந்து ஒரு படலத்தை உரிச்சு, சுருட்டி, இன்னொருத்தர் கண்ணுக்குள்ள விட்டு, காத்துக் குமிழ் வெச்சு ஒட்டணும். ஒரு கண்ணுக்கு ஒரு கண். நம்ம பட்டியல்ல ஆயிரத்து நானூத்து அறுபது பேர் நிக்கறாங்க. போன மாசம் நமக்கு வந்த கண் எத்தனை தெரியுமா? பதினொண்ணு. பதினேழு இருக்குன்னு ஆனப்புறம் யாரும் கண் தர முன்வர்றதே இல்லை. லேப்புலயே விளையுதாமேன்னு கேக்கறாங்க.” ரெஹானா அவளையே பார்த்தார். “என்ன விஷயம், பிரவீணா?”

சொல்ல வாயெடுத்தாள். வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கதவுச் சந்து வழியாக உள்ளே எட்டிப் பார்த்து, “அம்மிணி, என்ர நம்பரைக் கூப்புட்டாச்சா?” என்று கேட்டார். அவர் பார்த்தது பிரவீணாவை அல்ல, அவளுக்குப் பக்கத்திலிருந்த அலமாரியை.

“ஒண்ணுமில்லீங்க டாக்டர்,” என்றாள்.

*

மறுநாள் காலை தினகரன் தோசை ஊற்றிக்கொண்டிருந்தான். முதல் ஷிப்ட் இல்லாத நாட்களில் அடுப்பு அவனுடையது.

“என்ன அம்மிணி, ராத்திரி பூராக் கட்டல் ஆடுச்சு. என்னைய விட்டுட்டு ஓடிப்போறதுக்கு பிளானா?”

பிரவீணா சிரிக்கவில்லை. நின்றுகொண்டே சொல்லிவிட்டாள். திரை, பாதங்கள், மெட்டியில் நூல், படிவத்தில் எழுதிய இரண்டு வார்த்தை, பதினேழு யாருடையது, இன்றைக்கு அறுவைக்கு வருகிறவள் யார், எல்லாவற்றையும். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் சொல்லாததை ஒரு தோசை வேகும் நேரத்தில் சொன்னாள். தோசை கருகியது. தினகரன் அடுப்பை அணைத்தான்.

“அப்ப இது?” என்று தன் இடது கண்ணைத் தொட்டான்.

“ஆமா.”

அவன் ஈரக் கையைத் துண்டில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

“எனக்கு வெக்கறப்பவே உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“நாலு வருஷமா அந்த மனுஷன் தயவுலதான் நான் உன்னையப் பாக்கறேன். ஒரு நாளாவது பேரைச் சொல்லியிருந்தா, வண்டி எடுக்கறப்ப மனசுல நெனச்சிருப்பேனில்ல?”

“சொன்னா வேலை போகும். கேஸ் ஆகும். அதெல்லாம்கூடப் பரவால்லீங்க. அவங்க மாட்டேன்னு சொல்லிட்டா? ஆயிரத்து நானூறு பேர். நேத்து ஒரு பெரியவர் அலமாரியப் பாத்து என்னையக் கூப்புட்டாரு.”

“இன்னிக்கு அந்தம்மாவுக்கு முன்னாடி என்ன படிப்பே?”

அவளுக்குப் படிவம் மனப்பாடம். கொடை வாங்குகிறவர் ஒவ்வொருவருக்கும் ஆலோசகர் உரக்க வாசிக்க வேண்டும், அவர் திருப்பிச் சொல்ல வேண்டும், அது பதிவாகும். ‘எனக்கு முன்பின் தெரியாத ஒருவருடைய கொடையை ஏற்றுக்கொள்கிறேன்.’ மூவாயிரம் தடவை வாசித்த வரி.

“அதைப் படிச்சுருவியா?” என்றான் தினகரன்.

அவன் கருகிய தோசையை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, நல்லதாக ஒன்று ஊற்றி அவளுக்கு வைத்தான்.

“சாப்புட்டுட்டுப் போ. எது சொல்றதுன்னாலும் வெறும் வயித்துல சொல்ல முடியாது.”

*

பத்து நாற்பதுக்கு லேப்பிலிருந்து ஸ்டீபன் கூப்பிட்டார். “பதினேழு வெளிய எடுத்தாச்சு. உருக்கி, கழுவி, எண்ணிக்கை பாத்து நாப்பது நிமிஷத்துல தியேட்டர்ல இருக்கும். அதுக்கு மேல தாங்காது, குப்பையிலதான் போடணும். படிவத்தை முடிச்சுருங்க மேடம்.”

ஒத்திகை அறையில் கோகிலவாணி குப்புறப் படுத்திருந்தாள். ஊசி வழியாகச் செல்களைக் கண்ணுக்குள் விட்டதும் மூன்று மணி நேரம் இப்படித்தான் கிடக்க வேண்டும். செல்கள் தம் எடையால் கீழே இறங்கிக் கருவிழியின் பின்பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். தலையைத் திருப்பினால் போச்சு. அதனால் அறுவைக்கு முன்னால் அரை மணி நேரம் படுக்க வைத்துப் பழக்குவார்கள். பெஞ்சின் தலைமாட்டில் முகம் பதிய ஒரு வட்டத் துளை இருக்கும். அதற்குக் கீழே தரை மட்டும்தான் தெரியும்.

டாக்டர் ரெஹானா கை கழுவப் போகும் அவசரத்திலும் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

“கருவிழிக்குப் பின்னாடி ஒரே ஒரு வரிசை செல் இருக்கும்மா. அதுதான் உள்ள ஊறுற தண்ணிய இறைச்சு வெளிய விடற மோட்டாரு. உங்களுக்கு அந்த மோட்டாரெல்லாம் ஒவ்வொண்ணா நின்னுபோச்சு. ராத்திரி கண்ணை மூடிக் கிடக்கறப்ப தண்ணி தேங்குது, அதான் காலைல மங்கல்.”

“புது மோட்டார் மாட்டப் போறீங்க,” என்றது துளைக்குள்ளிருந்து குரல்.

“பழசைச் சுரண்டிட்டு, புதுசு ஏழு லட்சம் மாட்டப் போறேன்.”

“கரண்டு பில்லு யாருங்க கட்டறது?”

ரெஹானா வாய்விட்டுச் சிரித்தார். பிரவீணாவின் தோளைத் தட்டி, “இவங்க வந்துட்டாங்க, படிவத்தைப் படிச்சு முடிங்க. இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் போனார். கதவு தானாக மூடிக்கொண்டது.

அறையில் இரண்டு பேர். சுவர்க் கடிகாரத்தில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. 24:50. 24:49.

பிரவீணா பெஞ்சின் தலைமாட்டுக்குப் போய் நின்றாள். வணக்கம் சொன்னாள். பதில் வரவில்லை. பதிவுக் கருவியை அழுத்தினாள். படிவத்தைக் கையில் எடுத்தாள்.

“‘கோகிலவாணி ஆகிய நான், என்னுடைய வலது கண்ணில்…’”

கோகிலவாணி திருப்பிச் சொன்னாள். தெளிவான, அவசரமில்லாத குரல்.

“‘செய்யப்படும் சிகிச்சையின் நன்மை தீமைகளைக் கேட்டு அறிந்துகொண்டேன்.’”

அதையும் சொன்னாள்.

“‘எனக்கு முன்பின்…’”

பிரவீணாவின் குரல் நின்றது. எழுத்துகள் எதிரே இருந்தன. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

“எனக்கு முன்பின்,” என்று திருப்பிச் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள் கோகிலவாணி. “அப்பறம்?”

19:32.

பிரவீணா பதிவுக் கருவியை நிறுத்தினாள்.

“அக்கா,” என்றாள். நோயாளிகளை அவள் அப்படிக் கூப்பிடுவதில்லை. “நான் உங்க ஊட்டுக்கு வந்திருக்கறனுங்க. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி. உங்க ஊட்டுக்காரரு தவறுன அன்னிக்கு.”

“தெரியுமுங்க.”

பிரவீணா படிவத்தைத் தாழ்த்தினாள்.

“போன்ல பேசுனீங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. அன்னிக்கு உங்க மூஞ்சியப் பாக்கல. ‘வேணுமுங்க’ன்னு ஒரு வார்த்தை சொன்னீங்க. பதினோரு வருஷமா அந்தக் கொரலு என்ர காதுக்குள்ளயேதான் இருந்துச்சு. போன்ல நான் ‘வலது கண்ணா, இடது கண்ணா, எது மொதல்ல’ன்னு கேட்டதுக்கு, ‘எது வேணுமுங்க’ன்னு கேட்டீங்க பாருங்க. அதே கொரலு.”

“நீங்க திரைக்குப் பின்னால நின்னீங்க.”

“நின்னனுங்க. உங்க செருப்பைப் பாத்துட்டிருந்தேன். நீலச் செருப்பு. துக்க ஊட்டுக்குள்ள செருப்போட வந்துட்டீங்க. அவசரம்னு நெனச்சுக்கிட்டேன். ஒரு காலு, அடுத்த காலுன்னு எடுத்து வெச்சு, என்ர பக்கம் வருவீங்கன்னு பாத்தேன். வரல.” துளைக்குள்ளிருந்து மூச்சு வந்தது. “இன்னிக்கும் உங்க காலு மட்டுந்தான் தெரியுது. மங்கலா.”

பிரவீணா தன் கால்களைப் பார்த்துக்கொண்டாள். அந்தப் பாதங்கள் இவளுக்குத் தெரிந்த மாதிரியே இவள் பாதங்கள் அவளுக்குத் தெரிகின்றன. அன்றைக்கு நடுவில் ஒரு திரை, இன்றைக்கு ஒரு பெஞ்சு.

“படிவத்துல நீங்க நெனவில்லாம இருந்தீங்கன்னு எழுதிட்டனுங்க. பொய்னு தெரிஞ்சேதான் எழுதுனேன்.”

“ம்.”

“அதோட முடியலீங்க. இன்னிக்கு உங்க கண்ணுக்குள்ள வெக்கறதுக்குன்னு லேப்புல எடுத்து வெச்சிருக்காங்களே, அந்தச் செல்லு… அவருதுங்க. உங்க ஊட்டுக்காரருது. அவருது மட்டும் பெருகிட்டே இருந்துச்சு. இது வரைக்கும் மூவாயிரத்துச் சொச்சம் கண்ணுல வெச்சிருக்கறோம். என்ர ஊட்டுக்காரரு கண்ணுலயும்.”

பெஞ்சின் ஓரத்தைப் பிடித்திருந்த கோகிலவாணியின் விரல்கள் வெளுத்தன. தலையைத் தூக்கப் போகிறாள் என்று பிரவீணா நினைத்தாள். தூக்கவில்லை.

14:05.

“பெருகிட்டே இருந்துச்சா?”

“ஆமாங்.”

“உசுரோடவா?”

“உசுரோடங்க.”

தரையில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. குப்புறக் கிடப்பவளின் கண்ணீர் கன்னத்தில் வழியாது, நேரே கீழே விழும் என்பதை இத்தனை வருட வேலையில் பிரவீணா கவனித்ததே இல்லை.

“தறியில நின்னா பஞ்சு கண்ணுல விழுந்துட்டே இருக்கும்,” என்றாள் கோகிலவாணி. “எனக்குத்தான் அதிகமா விழும். அவிய ஓடற தறிய நிறுத்திப்போட்டு வருவாங்க. துண்டு நுனியச் சுருட்டி, வாயில வெச்சு ஊதிச் சூடு பண்ணி, கண்ணுல ஒத்தி எடுப்பாங்க. தறி நின்னா நட்டம்னு அவங்கண்ணன் கத்துவாரு. ‘இவ கண்ணு கலங்குனா எனக்குத் தறியே ஓடாது’ம்பாங்க. அத்தன பேரு முன்னாலயும் சொல்லுவாங்க, வெக்கமே கெடையாது அந்த மனுசனுக்கு.” குரல் உடைந்து, மறுபடி சேர்ந்தது. “அன்னிக்கு விடிகாலம் நானும் அவியளும் சண்டை. ஒண்ணுமில்லாத சண்டை. மூஞ்சியத் திருப்பிக்கிட்டே காப்பிய வெச்சுட்டு வந்துட்டேன். கடைசியா அவிய கண்ணு என்னையப் பாத்துச்சா இல்லியான்னுகூட எனக்குத் தெரியாது.”

வாசலில் நர்ஸ் எட்டிப் பார்த்து, “மேடம், பத்து நிமிஷம்,” என்றாள். பிரவீணா கையைக் காட்டினாள். கதவு மூடியது.

“நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க. எல்லாத்தையும் நிறுத்திருவாங்க. நிறுத்தற உரிமை உங்களுக்கு மட்டுந்தான் இருக்குது. உங்க கண்ணுக்கு வேற வழி இருக்குது, பழைய முறையில பண்ணலாம். கொஞ்ச நாள் காத்திருக்கோணும். நான் இன்னிக்கே டாக்டர்கிட்ட எழுதிக் குடுத்தர்றேன், என்ன நடந்துச்சுன்னு. என்னைய என்ன பண்ணுனாலும் சரிங்க.”

“நிறுத்துனா எத்தன பேருக்குக் கெடைக்காமப் போகும்?”

“ஆயிரத்து நானூத்து அறுபது பேரு காத்திருக்காங்க.”

“வெளிய ஒரு பெரியவரு, செவுத்துக்கிட்ட வணக்கம் சொல்லிட்டிருந்தாரே. அவருமா?”

“அவருமுங்க.”

கோகிலவாணி சிரித்த மாதிரி இருந்தது. அழுத மாதிரியும் இருந்தது. “கெட்டிக்காரிங்க நீங்க. அன்னிக்கு என்னையக் கேக்கறதுக்கு ஆளில்ல. இன்னிக்கு ஆயிரத்து நானூறு பேரை முன்னால நிறுத்திப்போட்டு நிக்கறீங்க.”

“இல்லீங்கக்கா, நான் அதுக்குச் சொல்லல…”

“ஒண்ணு சொல்லட்டுங்களா? அன்னிக்கு நீங்க கேட்டிருந்தா நான் மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். அவியள முழுசா அனுப்போணும்னு இருந்துச்சு எனக்கு. ஒரு மயிருகூடக் கொறையாம. அதனால, கேக்காததுதான் நல்லதாப் போச்சு, மூவாயிரம் பேருக்குக் கண்ணு வந்துச்சுன்னு நீங்க மனசத் தேத்திக்க வேண்டாம். என்ர ‘மாட்டேன்’ என்ர கிட்டதான் இருந்துச்சு. அதைச் சொல்லக்கூட எனக்கு உடலீங்களே நீங்க.”

பிரவீணா கண்களை மூடினாள். பதினொரு வருடமாக அவள் இரவில் உறங்கப் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கயிறு அது. கேட்டிருந்தால் கோகிலவாணி எப்படியும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள் என்ற கயிறு. கை வெறுமையாகிவிட்டது.

8:40.

“மன்னிச்சுருங்கக்கா.”

“அதெல்லாம் பொறவு.” கோகிலவாணியின் கை பெஞ்சின் ஓரத்தை விட்டது. கீழே தொங்கி, காற்றில் தடவி, பிரவீணாவின் சேலை நுனியைப் பிடித்தது. “நீங்க சொன்னீங்க. எல்லாத்தையும் சொல்லிப்போட்டீங்க. ஆனா இன்னும் கேக்கலீங்களே.”

“என்னதுங்க?”

“இன்னிக்கு நான் என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியாது. சத்தியமாத் தெரியாது. மனசு ஒரு பக்கம் அவியள இழுத்து வெச்சுக்குது, ஒரு பக்கம் அந்தப் பெரியவரை நெனைக்குது. யாராவது என்ர மூஞ்சியப் பாத்துக் கேட்டாத்தானே எனக்கே தெரியும்? பதினோரு வருஷமா அந்தத் திரைக்குப் பின்னாலயேதான் நின்னுட்டிருக்கறேன். வந்து கேளுங்க.”

மூஞ்சியைப் பார்த்து. பெஞ்சில் குப்புறக் கிடப்பவளின் முகத்தை எப்படிப் பார்ப்பது? பிரவீணா படிவத்தை மேசையில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். பெஞ்சுக்குக் கீழே குனிந்து, தரையில் உட்கார்ந்து, முழங்கையை ஊன்றிச் சாய்ந்து, மல்லாந்து படுத்தாள். கண்ணீர் விழுந்த இடம் பின்கழுத்தில் ஈரமாகப் பட்டது.

மேலே வட்டத் துளைக்குள் ஒரு முகம். நாற்பத்தொரு வயது. நெற்றியோரம் நரை. அழுது சிவந்த கண்கள், கருவிழி மேல் லேசாக ஆடை படிந்த மாதிரி ஒரு வெண்மை. அந்தக் கண்கள் மங்கலுக்குள் தேடி, தேடி, இவள் முகத்தைக் கண்டுபிடித்து நின்றன.

வாசலில் நர்ஸ் மறுபடி வந்தாள். தரையில் கிடக்கும் ஆலோசகரைப் பார்த்து என்ன சொல்வதென்று தெரியாமல் கதவைப் பிடித்தபடி நின்றாள். சுவரில் எண்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. பிரவீணா அதைப் பார்க்கவில்லை.

துக்க வீட்டில் கேட்பதற்கென்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முறை ஒன்று உண்டு. இறந்தவரைப் பெயர் சொல்ல வேண்டும். கேட்கப்படுகிறவரைப் பெயர் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறாள். இந்த ஒருத்தியிடம் மட்டும் கேட்டதில்லை.

“கோகிலவாணி அக்கா,” என்றாள். “உங்க ஊட்டுக்காரரு சென்னியப்பனோட கண்ணை எங்களுக்குத் தருவீங்களா?”